பெயர் தெரியாத கொல்லர் அடித்த நேபாளக் குக்ரி: தரம் பார்ப்பது எப்படி?

முக்திநாத் யாத்திரை போய்த் திரும்புகிறவர்கள் பொக்ராவிலோ காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவிலோ உள்நோக்கி வளைந்த நேபாளக் கத்தியான குக்ரி ஒன்றை வாங்கி வருவதுண்டு. சிலருக்கு ராணுவத்தில் இருந்த தாத்தாவின் இரும்புப் பெட்டியிலிருந்து கிடைக்கிறது. இன்னும் சிலர் பழைய பொருள் விற்பவரிடம் வாங்குகிறார்கள். பெரும்பாலும் செய்தவர் யார் என்று தெரியாது. விற்றவர் சொன்ன கதை மட்டும் கூடவே வந்திருக்கும். கதையை ஒதுக்கிவிட்டுக் கத்தியை மட்டும் வைத்து என்னென்ன சொல்ல முடியும் என்பதற்கான கேள்வி பதில்கள் இவை.

அலகில் பெயரோ முத்திரையோ இல்லை. அப்படியானால் மட்டமான சரக்கா?

இல்லை. நேபாள மலைக் கிராமங்களில் குக்ரி அடிப்பவர்கள் காமி சாதியினர். விஸ்வகர்மா என்றும் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுடைய பட்டறைக்கு ஆரன் என்று பெயர். ஒரு துருத்தி, அடுப்புக்கரி, பட்டடை, சம்மட்டி, அரம், அவ்வளவுதான் அங்கே இருக்கும். ஊர்க்காரர்களுக்கு வருடம் முழுக்க அரிவாளும் மண்வெட்டியும் குக்ரியும் அடித்தும் பழுதுபார்த்தும் கொடுத்துவிட்டு, அறுவடையின்போது தானியமாகக் கூலி வாங்கும் முறை இருந்தது. பாலி கரே என்பார்கள். வாங்குகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் என்னும்போது முத்திரை எதற்கு?

இன்னொரு பக்கமும் உண்டு. காமிகள் தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்டவர்கள். நேபாளத்தின் 1963 சட்டத்தொகுப்பு தீண்டாமைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை எடுத்தது. வழக்கம் அதோடு போய்விடவில்லை. வீட்டில் குக்ரியை மரியாதையாக வைத்துக்கொண்டு, அதைச் செய்தவரை வாசலோடு நிறுத்திய சமூகத்தில் கொல்லரின் பெயர் அலகில் ஏறாதது ஆச்சரியமில்லை.

முத்திரை இருந்தால் தரமானது என்றும் எண்ண வேண்டாம். இன்றைய குக்ரிகளில் காணும் முத்திரை பெரும்பாலும் வியாபாரியுடையது. ஒரே நிறுவனத்துக்குப் பல கொல்லர்கள் அடித்துக் கொடுக்கிறார்கள், எல்லோர் கையும் ஒன்றல்ல. அலகின் அடிப்பக்கத்தில் சிறு உளியால் குத்திய புள்ளிகளோ பூ வடிவமோ தெரிந்தால், அது கொல்லரின் அடையாளமாகவோ வெறும் அலங்காரமாகவோ இருக்கலாம். அதை வைத்து ஆளைத் தேட முடியாது.

தேவநாகரி எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. அவை எதைச் சொல்கின்றன?

முதலில் எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கம் இருந்தால் அது விக்ரம் சம்வத் ஆண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏறத்தாழ 57-ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். தேவநாகரியில் 1970 என்று இருந்தால் அது 1913 அல்லது 1914. இதைத் தெரியாமல் ‘எழுபதுகளில் செய்தது’ என்று நல்ல பழைய கத்தியை மலிவாகத் தள்ளிவிட்டவர்கள் உண்டு.

‘ஸ்ரீ 3’ என்று இருந்தால் அது ராணா பிரதமர்களின் பட்டம். அரசருக்கு ‘ஸ்ரீ 5’. ராணாக்களின் ஆட்சி 1846-இல் தொடங்கி 1951-இல் முடிந்தது. பக்கத்தில் சந்திர (1901–1929), பீம (1929–1932), ஜுத்த (1932–1945) போன்ற பெயர் இருந்தால் காலம் இன்னும் குறுகிவிடும். இப்படி எழுத்துப் பொறித்த பழைய ராணுவக் குக்ரிகள் வெளிநாட்டுச் சந்தையில் நிறைய இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் குவிந்துகிடந்த நேபாள அரசின் ஆயுதக் கிடங்கை, இரண்டு தனியார் நிறுவனங்கள் 2003 வாக்கில் மொத்தமாக வாங்கின. துப்பாக்கி, பீரங்கியோடு ஆயிரக்கணக்கான குக்ரிகளும் அங்கிருந்து வந்தன. அவற்றிலும் கொல்லர் பெயர் கிடையாது, படைப்பிரிவின் பெயர்தான் இருக்கும்.

அகன்ற அம்புக்குறியும் ஆங்கில ஆண்டும் இருந்தால் அது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காக ஒப்பந்தத்தில் செய்த உலகப்போர்க் காலக் கத்தியாக இருக்கலாம். வெறுமனே ‘இந்தியா’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் பெரும்பாலும் நினைவுப்பொருள் சரக்கு.

என் குக்ரி எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வடிவத்தை வைத்துத்தான் பெயர். ஒல்லியாக, புல்லின் இலைபோல நீண்டிருந்தால் சிருபாத்தே. கிழக்கு நேபாளத்துப் போஜ்பூரின் பாணியில் வயிறு அகன்று கனமாக இருந்தால் போஜ்புரே. மீன் தலைபோல முன்பக்கம் மிக அகன்றிருந்தால் புதுனே. முதுகை ஒட்டி ஒரு பள்ளம் ஓடினால் ஆங் கோலா. அலகின் பக்கத்தில் மூன்று ஓடைகள் ஓடினால் தீன் சிர்ரா. தங்குட்டா பாணியில் உறையிலும் பிடியிலும் வேலைப்பாடு அதிகம். வெள்ளித் தகடு போர்த்திய உறையுடன், ஓய்வுபெறும் கூர்க்கா அதிகாரிகளுக்கு மரியாதையாகக் கொடுப்பது கோதிமோரா.

ஊர்ப் பெயர் வைத்திருப்பதால் அந்த ஊரில் செய்தது என்று பொருளில்லை. போஜ்புரேயை இன்று தரானிலும் அடிக்கிறார்கள், காத்மாண்டுவிலும் அடிக்கிறார்கள், இந்தியாவில் டேராடூனிலும் அடிக்கிறார்கள். வகையைத் தெரிந்துகொள்வது பேச உதவும். தரத்தை அது சொல்லாது.

கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

பளபளப்பைப் பார்க்காதீர்கள். முதுகு மேலே இருக்கும்படி பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிடியிலிருந்து முனை வரை முதுகின் நேர்கோட்டைப் பாருங்கள். கோடு ஒரு பக்கமாக வளைகிறதா? முனை இடமோ வலமோ ஒதுங்குகிறதா? கையால் அடித்த அலகில் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் விலகல் இருக்கும், அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். கண்ணுக்கு உடனே தெரிகிற வளைவு குறைதான். நீர் ஊற்றிக் கெட்டிப்படுத்தும்போது அலகு முறுக்கிக்கொண்டிருக்கிறது, கொல்லர் அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்.

அடுத்து முதுகின் கனம். நாள்தோறும் உழைக்கும் குக்ரியில் பிடிக்கு அருகே 8 முதல் 10 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். அங்கிருந்து முனை நோக்கி மெல்ல மெல்ல மெலிய வேண்டும். தொடக்கம் முதல் முனை வரை ஒரே கனம் என்றால் தகட்டை வெட்டி ஓரத்தைத் தேய்த்திருக்கிறார்கள். சம்மட்டி வேலை நடக்கவில்லை. கடைத்தெரு மலிவுச் சரக்கைப் பிரித்தறிய இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும்.

பிறகு இரு கன்னங்களும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கூர் ஓரத்தை நோக்கி இறங்கும் சரிவு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தால் வெட்டும்போது கத்தி ஒரு பக்கமாக இழுக்கும். கடைசியாக எடை. 10 அல்லது 11 அங்குல அலகு கொண்ட வேலைக் குக்ரி பொதுவாக 500 முதல் 700 கிராம் வரும். கனம் வயிற்றுப் பகுதியில் தெரிய வேண்டும், மணிக்கட்டில் தெரியக் கூடாது. ஓங்காமல், சும்மா முன்னால் தாழ்த்திப் பாருங்கள். நல்ல குக்ரி தானே இறங்கும்.

சம்மட்டித் தடம், கரி படிந்த கறுப்பு, ஓடையின் உள்ளே அரத்தின் கீறல் இதெல்லாம் குறையில் சேராது. கண்ணாடிபோல் மின்னும் கத்தியைவிட இவை தெரிகிற கத்தியை நம்பலாம். மறைக்க எதுவுமில்லை என்று பொருள்.

என்ன எஃகு? விற்பவர் ‘பென்ஸ் வண்டி ஸ்பிரிங்’ என்கிறார்.

லாரி, பஸ், ஜீப்பின் கழித்துப்போட்ட ஸ்பிரிங் பட்டைதான் நவீனக் குக்ரிகளின் வழக்கமான மூலப்பொருள். அது உண்மை, நல்ல விஷயமும்கூட. ஸ்பிரிங் பட்டை எஃகில் கரி (கார்பன்) ஏறத்தாழ 0.5 முதல் 0.65 சதவீதம் இருக்கும். கெட்டிப்படுத்தினால் கூர் நிற்கும், அடித்தால் உடையாது. வெட்டுக்கத்திக்கு இதைவிடப் பொருத்தமானது தேடுவது கடினம். 5160 என்ற எண்ணில் குறிப்பிடும் குரோமியம் கலந்த எஃகும், இந்தியாவில் பரவலான சிலிக்கான்-மாங்கனீஸ் வகை எஃகும் இந்தக் குடும்பம்தான்.

பென்ஸ் என்பது வியாபாரப் பேச்சு. நேபாள மலைச்சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் இந்திய லாரிகள். டாடா பட்டையில் அடித்த குக்ரி எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்துவிடும் ஆபத்து மட்டும் உண்டு. நல்ல கொல்லர் அடிக்கும்போதே அதைக் கண்டுபிடித்து வெட்டி எறிந்துவிடுவார்.

ரயில் தண்டவாளமும் சில ஆரன்களில் பயன்பட்டிருக்கிறது. மலிவு நினைவுப்பொருள்களில் சாதாரணக் கட்டட இரும்பு இருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். எனவே எஃகின் பெயரைக் கேட்டு நேரம் போக்க வேண்டாம், அடுத்த கேள்விக்குப் போங்கள்.

துவைச்சல் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

துவைச்சல் என்பது அலகைக் காய்ச்சி, நீர் கொடுத்துக் கெட்டிப்படுத்துவது. குக்ரி மதிப்பீட்டில் பாதிக்குமேல் இதுதான். எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும் துவைச்சல் தப்பினால் வெறும் பட்டைதான்.

நம் ஊர்ப் பட்டறையில் அரிவாளைத் தொட்டித் தண்ணீரில் தோய்ப்பார்கள். ஆரனில் முறை வேறு. அலகைச் செம்மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி, கூர் ஓரம் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கெண்டியின் மூக்கிலிருந்து மெல்லிய நீர்த்தாரையைக் கூரின்மேல் மட்டும் முன்னும் பின்னுமாக ஊற்றுவார் கொல்லர். கூர் உடனே குளிர்ந்து கெட்டியாகும். முதுகில் சூடு மிச்சம் இருக்கும். அந்தச் சூடு மெல்லக் கூரை நோக்கித் திரும்பி வந்து, கெட்டியான பகுதியின் முரட்டுத்தனத்தைக் குறைக்கும். அலகின்மேல் வைக்கோல் மஞ்சள், பழுப்பு என நிறம் ஓடுவதைப் பார்த்து, சரியான நொடியில் மறுபடி நீர் ஊற்றி நிறுத்துவார். வெப்பமானி கிடையாது, எல்லாம் கண்தான். அதனால்தான் ஒரே கொல்லரின் இரண்டு கத்திகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

விளைவு: வெட்டு விழும் வயிற்றுப் பகுதியின் கூர் கெட்டியாகவும், முதுகு மிருதுவாகவும், முனையும் பிடியருகும் இடைநிலையிலும் இருக்கும். கெட்டித்தன்மையை அளக்கும் ராக்வெல் ‘சி’ அளவில் வயிற்றின் கூர் 55-ஐத் தாண்டியும், முதுகு 40-க்குக் கீழேயும் இருந்தால் திருப்தியான வேலை.

வீட்டில் சோதிக்க ஒரு புதிய, பொடிப்பல் அரம் போதும். முதுகின் ஓரத்தில் லேசாக இழுங்கள், அரம் கடித்து இரும்புத் தூள் விழ வேண்டும். பிறகு அதே அழுத்தத்தில் வயிற்றுப் பகுதியின் கூரில் இழுங்கள், அரம் வழுக்க வேண்டும் அல்லது மிகக் கொஞ்சமாகக் கடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கடித்தால் துவைச்சல் இல்லை. முனையிலும் பிடிக்கு அருகிலும் கூர் கொஞ்சம் மிருதுவாக இருந்தால் பதற வேண்டாம், கெண்டி முறையின் இயல்பு அது. முதுகிலும் அரம் வழுக்கினால்தான் யோசிக்க வேண்டும். முழு அலகையும் முக்கிக் கெட்டிப்படுத்திவிட்டார்கள், கடும் வேலையில் ஒடியக்கூடும்.

அரம் போட்டுக் கீற மனம் வரவில்லை. வேறு வழி?

வயிற்றருகே விரல் அகலத்துக்கு ஓர் இடத்தைப் பொடி உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போக ஸ்பிரிட்டால் துடைத்து, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். கெட்டியான பகுதி வேறு சாம்பல் நிறத்தில், பெரும்பாலும் அடர்த்தியாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே அலையலையாக ஓர் எல்லைக்கோடு தெரிந்தால் கெண்டி நீர் அங்கே விழுந்திருக்கிறது. கோடு ஒழுங்காக ஓடாது. கையால் ஊற்றிய தண்ணீர் அப்படித்தான் போகும். முடிந்ததும் சோடா உப்புக் கரைசலில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள்.

சுண்டிப் பார்ப்பதும் ஒரு வழி. பிடியை இரண்டு விரலால் லேசாகத் தொங்கவிட்டு முதுகில் சாவியால் தட்டினால் ஒலி சற்று நீள வேண்டும். ‘டொக்’ என்று செத்த ஒலி வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது, அல்லது பிடி ஆடுகிறது. முதலில் பிடியைச் சந்தேகியுங்கள்.

வெட்டிப் பார்க்கலாமா?

புதிதென்றால் கட்டாயம் வெட்டிப் பாருங்கள். பழம்பொருளாக வாங்கியதை வெட்ட வேண்டாம்.

காய்ந்த மூங்கில் நல்ல சோதனைப் பொருள். பச்சை மரத்தில் எந்தக் கத்தியும் பெயர் வாங்கிவிடும். சாய்வாக இருபது முப்பது வெட்டு போட்டுவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் கூரைப் பாருங்கள். எங்காவது வெள்ளைப் புள்ளியாக மின்னினால் அங்கே கூர் மடங்கியிருக்கிறது, துவைச்சல் போதவில்லை. பிறை வடிவில் துண்டு போயிருந்தால் கெட்டி அதிகம், சூடு திரும்ப விடாமல் நிறுத்திவிட்டார் கொல்லர். இவ்விரண்டில் எனக்கு மடங்குவதே மேல். மடங்கிய கூரை, கூடவே வரும் சக்மக் என்ற மழுங்கிய சின்னக் கத்தி கொண்டு நிமிர்த்திவிடலாம்; உடைந்த துண்டைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு மில்லிமீட்டர் அளவில் சின்னச் சேதம் என்றால் கல்லில் சாணை பிடித்தாலே போய்விடும். புதுக் கத்தியின் முதல் கூர் பெரும்பாலும் இயந்திரத்தில் பிடித்தது, சூட்டில் விளிம்பு கெட்டிருக்கலாம். இரண்டு மூன்று முறை கையால் தீட்டிய பிறகுதான் உண்மையான எஃகு வெளியே வரும். முதல் நாளே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

ஆணி வெட்டுவது, காசு வெட்டுவது போன்ற கடைக்காரர் வித்தைகளால் எதுவும் தெரியாது.

அலகில் கோடுபோல் ஏதோ தெரிகிறது. வெடிப்பா?

திசையைப் பாருங்கள். கூரிலிருந்து முதுகை நோக்கிக் குறுக்கே ஏறும் கோடு, அது முடி அளவே என்றாலும், துவைச்சலின்போது விழுந்த வெடிப்பு. அந்தக் கத்தியை ஓங்கக் கூடாது, வாங்கவும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் அங்கே மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி தூவுங்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் பொடியில் கசிந்து கோடாகத் தெரியும்.

நீளவாக்கில், முதுகோரமாக ஓடும் கோடுகள் வேறு. பழைய குக்ரிகளில் இரும்பையும் எஃகையும் அடுக்கிக் காய்ச்சி அடித்திருப்பார்கள். அந்த அடுக்குகளின் பொருத்து வெளியே தெரிவது சகஜம். சில நேரம் அதுவே வயதுக்குச் சான்று. பிடிக்கு அருகே கூரில் இருக்கும், கவுடி எனப்படும் சிறு வெட்டின் உள்மூலையை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுங்கள். அங்கே கூர்மூலையாகச் செதுக்கியிருந்தால் வெடிப்பு தொடங்குவதற்கு வசதியான இடம் அது.

அந்தக் கவுடி எதற்கு?

சிவனின் திரிசூலம், பசுவின் குளம்பு, ரத்தம் பிடிக்கு வழியாமல் இருக்க, சாணை பிடிக்கும்போது நிற்கும் எல்லை என்று ஆளுக்கொரு விளக்கம். எதையும் நிரூபிக்க முடியாது. உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் காட்டாமல் திரும்ப வைக்கக் கூடாது என்ற கதை மட்டும் சுத்தப் பொய். நேபாள வீடுகளில் அதே குக்ரியால்தான் விறகு பிளக்கிறார்கள், வெங்காயம் நறுக்குகிறார்கள்.

பிடியில் எதைச் சோதிப்பது?

இரண்டு கட்டுமானம் உண்டு. ஒன்றில் அலகின் காம்பு மெலிந்து பிடிக்குள் நுழைந்து, லாஹா என்ற அரக்குப் பிசினால் ஒட்டியிருக்கும். சிலவற்றில் காம்பு அடிவரை போய்த் தகட்டின்மேல் தட்டி மடக்கியிருப்பார்கள். மற்றது பானாவால். அலகின் இரும்பே பிடியின் முழு அகலத்துக்கும் நீண்டு, இரண்டு பக்கமும் மரமோ கொம்போ வைத்து ஆணி அறைந்திருக்கும். இரண்டாவதுதான் உறுதி என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நன்றாக ஒட்டிய காம்புப் பிடி பல வருடம் உழைக்கும், அதிர்வும் கைக்குக் குறைவாக வரும். பானாவாலில் ஆணி தளர்ந்தால் இரும்புக்கும் மரத்துக்கும் இடையே தண்ணீர் இறங்கி, துரு உள்ளேயே வளரும்.

சோதனை எளிது. அலகைத் துணி சுற்றிப் பிடித்து, பிடியை நாலு திசையிலும் அசையுங்கள். துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. ஆடினால்கூட, காம்பு வகையில் லாஹாவை இளக்கித் திரும்ப ஒட்ட முடியும். இதே காரணத்தால் மே மாதத்தில் மூடிய காருக்குள் குக்ரியை வைத்துவிட்டுப் போகாதீர்கள், லாஹா இளகிவிடும். பிடியின் தட்டையும் அலகின் தட்டையும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கொஞ்சம் திருகியிருந்தாலும் ஒவ்வொரு வெட்டும் சாயும்.

எருமைக் கொம்பில் பொடி வெடிப்பு வருவது இயல்பு, மெல்லிய பசை ஊற்றி அடைத்துவிடலாம். மான் கொம்புப் பிடி என்றால் விலகிவிடுங்கள். இந்தியாவில் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது சிக்கல்.

நேபாளப் பிடிகள் சின்னவை. நடுவில் இருக்கும் வளையம் சிலர் கையை உறுத்தும். அதைக் குறை என்று எழுதாதீர்கள், உங்கள் கை பெரியது.

கூட வரும் இரண்டு சின்னக் கத்திகள்?

கூரானது கர்தா, சில்லறை வேலைக்கு. மழுங்கியது சக்மக். அதைக் கல்லில் உரசித் தீ மூட்டுவார்கள், கூரை நிமிர்த்தவும் அதுதான். செய்தவரின் மனசு இவற்றில்தான் தெரியும். அவசரக் கடைச்சரக்கில் இரண்டும் வெறும் இரும்புக் குச்சிகள். அரம் போட்டுப் பாருங்கள்: சக்மக் கெட்டியாக, அரம் வழுக்கும்படி இருந்தால், யாரும் பார்க்காத இடத்திலும் வேலை செய்கிற கொல்லர் உங்களுக்கு வாய்த்திருக்கிறார்.

உறை?

இரண்டு மரப்பட்டைகளைச் சேர்த்துத் தோல் போர்த்தியது. தோல் வேலை பெரும்பாலும் சார்க்கி சமூகத்தினர் செய்வது. தலைகீழாகப் பிடித்தால் குக்ரி விழக் கூடாது. இழுத்தால் மல்லுக்கட்டவும் கூடாது.

உருவும்போது விரல்கள் உறையின் முதுகுப் பக்கம் மட்டும் இருக்கட்டும். கூர்ப்பக்கத்தைச் சுற்றிப் பிடித்தால், அலகு உறையின் பொருத்தைக் கிழித்துக்கொண்டு விரலுக்கு வரும். வாங்கும் நேரத்தில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பழைய உறையின் அந்த ஓரத்தில் கீறல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

‘நூறு வருடப் பழசு’ என்கிறார் விற்பவர். நம்பலாமா?

கத்தியைக் கேளுங்கள். உண்மையான பழைய அலகில் நிறம் பகுதி பகுதியாக மாறும். கை பட்ட இடம் ஒரு விதம், உறை உரசிய இடம் வேறு விதம். அமிலத்தில் முக்கிப் பழசாக்கியதில் கவுடியின் உள்ளே, ஓடையின் அடியில், எல்லா இடமும் ஒரே கறுப்பு. வருடக்கணக்கில் சாணை பிடித்த வேலைக் குக்ரியில் வயிறு தேய்ந்து அலகு ஒல்லியாகியிருக்கும். கூர் முழுசாக, அகலம் குறையாமல் இருந்தால் பயன்படுத்தியதில்லை.

பிடியில் நடு வளையம் இல்லாமல், வழவழப்பான மரப்பிடியுடன், நீண்ட ஒல்லி அலகு நன்றாக வளைந்திருந்தால் 19-ஆம் நூற்றாண்டோ அதற்கு முந்தியோ இருக்க வாய்ப்புண்டு. பித்தளைச் சிங்கத்தலை வைத்த பிடி என்றால் ஏறத்தாழ உறுதியாகவே நினைவுப்பொருள். அதற்கும் வயது இருக்கலாம், உலகப்போரின்போது வந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் வாங்கிப் போனவை உண்டு. ஆனால் அதை வைத்து விறகு பிளக்க நினைக்காதீர்கள்.

காத்மாண்டு சாவ்னியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில், 1559-இல் கோர்க்காவைப் பிடித்த திரவ்ய ஷாவுடையது என்று சொல்லப்படும் குக்ரி இருக்கிறது. நேபாளம் போகிறவர்கள் கடைக்குப் போகுமுன் அந்த அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தால், பழைய அலகு எப்படியிருக்கும் என்பது கண்ணில் பதிந்துவிடும்.

அலையலையாகக் கோலம் போட்ட ‘டமாஸ்கஸ்’ குக்ரி பற்றியும் கேட்கிறார்கள். அது நேபாள மரபு இல்லை. மேலோட்டமாக அமிலத்தால் வரைந்த போலிகளும் அதில் உண்டு. உப்புத்தாளால் ஓரிடத்தைத் தேய்த்து மறுபடி வினிகர் தடவினால் கோலம் திரும்ப வர வேண்டும், வராவிட்டால் ஏமாற்று.

என்ன விலை நியாயம்?

வெள்ளி, பித்தளை, செதுக்கல் எல்லாவற்றையும் மனத்தில் கழித்துவிட்டு, அலகும் பிடியும் மட்டும் இருந்தால் என்ன கொடுப்பீர்கள் என்று பாருங்கள். ஒரு நல்ல குக்ரியில் தேர்ந்த கொல்லரும் சம்மட்டி போடுபவரும் மெருகு பிடிப்பவரும் உழைத்திருக்கிறார்கள், உறை வேறு ஒருவர் கை. அத்தனை பேரின் கூலியும் அந்த விலைக்குள் அடங்குமா என்று கணக்குப் போட்டால், மிக மலிவானவை எப்படிச் செய்யப்பட்டிருக்கும் என்று விளங்கிவிடும். இராமேச்சுரமோ காத்மாண்டுவோ, யாத்திரைத் தலக் கடையில் பேரம் பேசாமல் வாங்குகிறவர் யாருமில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாதிரி ஈரப்பதமான ஊரில் எப்படி வைப்பது?

உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து துரு பிடிக்கும். அலகைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லப் பூசி, துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். கடுகெண்ணெய் நேபாள வழக்கம். நாள்பட்டால் பிசுபிசுக்கும், தினமும் எடுத்துப் பயன்படுத்துகிறவருக்குத்தான் அது சரி. கொம்புப் பிடிக்கு எப்போதாவது ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். சாணைக்காரரின் சுழல் கல்லில் கொடுக்க வேண்டாம். கூர் நீலமாக மாறும் அளவுக்குச் சூடேறினால் கெண்டித் தண்ணீர் கொடுத்த கெட்டித்தன்மை அங்கேயே போய்விடும். உப்புத்தாளை ரப்பர் துண்டின்மேல் வைத்துக் கையால் தீட்டுவது வளைந்த கூருக்கு எளிது.

அடித்த கொல்லரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பழையதென்றால் முடியாது. புதியதென்றால் கடைக்காரரிடம் எந்த ஆரன், எந்த மாவட்டம் என்று கேளுங்கள். ஏற்றுமதியாளர்கள் சிலர் இப்போது கொல்லரின் பெயரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பதில் கிடைத்தால் ஒரு தாளில் எழுதி உறையோடு வையுங்கள், அடுத்த கைக்குப் போகும்போது பயன்படும்.

சட்டச் சிக்கல் உண்டா?

இந்தியாவின் 2016 ஆயுத விதிகளில் ஐந்தாம் வகையில் குக்ரி பெயரோடு வருகிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ என்று செய்யப்படாதிருந்தால் இந்த வகைக்குள் அடங்கும். இதற்கு உரிமம் வேண்டுமா என்பது அந்தந்தப் பகுதிக்கு அரசு அறிவிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் வைத்திருப்பது ஒன்று, இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் போவது வேறு. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. சரக்குப் பெட்டியில், முனையையும் கூரையும் அட்டையால் நன்றாக மூடி வைக்க வேண்டும். விமான நிறுவனத்திடமும் சுங்கத்திடமும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், வாங்கிய ரசீதையும் கையில் வைத்திருங்கள்.